சின்னமலையின் முன்னோர் யார்?

1805-ம் ஆண்டு. ஆடிப் பெருக்கு நாள். காவிரிக் கரையெங்கும் மக்கள் விழாக் கொண்டாடும் நாள். அன்றுதான் சங்ககிரி மலைக்கோட்டையில் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டார். உடன்பிறந்தோரும் தோழர் கருப்ப சேர்வையும் அவருடனேயே மாண்டனர்.

வரலாற்று நூல்கள் ஜூலை 31 என்று தேதி குறிக்கின்றன. இப்போதோ ஆடி 18 ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் வருகிறது. எது சரி? இரண்டும் சரியே! இருநூறு ஆண்டுகளில் தமிழ் மாதப் பிறப்பு, ஆங்கிலத் தேதிப்படி ஏறக்குறைய மூன்று நாள் தள்ளிப் போயிருக்கிறது. 1805-ல் ஆடிப் பெருக்கு ஜூலை 31-ஐ ஒட்டியே வந்தது.

இறந்த நாளுக்கு இப்படி இரண்டு சாட்சிகள் உண்டு. ஆனால் அவருடைய முன்னோரைத் தேடிப் புறப்பட்டால் பாதை அவ்வளவு எளிதல்ல.

மலைகளுக்கு நடுவே

இன்றைய திருப்பூர் மாவட்டத்தில், காங்கயத்தை அடுத்த மேலப்பாளையம் அவர் பிறந்த ஊர். ஆண்டு 1756. தந்தை ரத்தினசாமிக் கவுண்டர், தாய் பெரியாத்தா. பெற்றோர் இட்ட பெயர் தீர்த்தகிரி. பழையகோட்டைப் பட்டக்காரர் மரபில் வந்தவர்.

மைசூருக்குப் போன வரிப்பணத்தை இளைஞர் தீர்த்தகிரி வழிமறித்துப் பறித்தாராம். யார் பறித்தது என்று கேட்டால், சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே உள்ள ஒரு சின்னமலை என்று சொல்லும்படி ஆட்களை அனுப்பினாராம். அந்தப் பெயரே நிலைத்தது என்பது வழிவழியாக வரும் செய்தி.

பின்னர் திப்பு சுல்தானுடன் சேர்ந்து கம்பெனியாரை எதிர்த்தார். 1799-ல் திப்பு வீழ்ந்தார். சின்னமலை பணியவில்லை. ஓடாநிலையில் கோட்டை கட்டிக்கொண்டு போரைத் தொடர்ந்தார். காவிரிக்கரை, ஓடாநிலை, அறச்சலூர் என்று போர்க்களங்களின் பெயர்கள் இன்றும் கொங்கு நாட்டில் வழங்குகின்றன. இறுதியில் அவர் பிடிபட்டார், கோட்டையும் தரைமட்டமாயிற்று.

பெயரே ஒரு புதிர்

கம்பெனியாருக்கு வேண்டியிருந்தது கலகக்காரரின் தலை. அவருடைய பாட்டன் பூட்டன் பெயர் அல்ல. அந்நாளில் பிறப்பைப் பதிய அலுவலகமும் கிடையாது. அகில இந்திய அளவில் முதன்முதலாகக் குடிக்கணக்கு எடுத்ததே 1871-72-ல்தான்.

குடும்பத்துப் பெயர்களோ ஆராய்ச்சியாளரைத் திணற வைப்பவை. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் வழக்கம். பட்டக்காரர் குடும்பத்திலோ சர்க்கரை மன்றாடியார் என்ற பட்டம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. ஒரு பட்டயத்தில் அந்தப் பெயரைக் கண்டால், அது தந்தையா, பாட்டனா, பேரனா?

குலத்தின் வரலாற்றைக் குலகுருக்களும் புலவர்களும் ஓலையில் காத்தார்கள். ஓலைக்குச் செல் பகை. சிதைந்த ஓலையைப் புதிதாகப் படியெடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் எழுத்து அழியும். பழைய சுவடிகளை ஆடிப் பெருக்கன்று ஆற்றில் விடும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. சின்னமலையை இழந்த அதே நாளில், எத்தனை குடும்பங்களின் வரலாறு வெள்ளத்தோடு போயிற்றோ!

அயர்லாந்தின் கதி

நமக்கு மட்டுமா இந்தக் குறை? அயர்லாந்திலும் குலத் தலைவர்களின் வம்சத்தைச் சொல்லப் பரம்பரைப் புலவர்கள் இருந்தனர். பிற்காலத்தில் அரசு ஆவணங்களும் வந்தன. ஆனால் 1922-ல் மூண்ட உள்நாட்டுப் போரில் டப்ளின் ஆவணக் காப்பகம் தீக்கு இரையாயிற்று. பழைய குடிக்கணக்குகளும் நூற்றுக்கணக்கான மாதா கோயில் பதிவேடுகளும் சாம்பலாயின. கடல் கடந்து போன அயர்லாந்துக்காரரின் வாரிசுகள் பாட்டன் ஊரைத் தேடி இன்றும் அலைகிறார்கள். அங்கே தீ, இங்கே வெள்ளமும் செல்லும்!

எஞ்சியவை

எல்லாமே அழிந்துவிடவில்லை. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலின் மெக்கன்சி என்ற கம்பெனி அதிகாரி, பாளையக்காரர் வம்சாவளிகளை ஊர் ஊராகத் திரட்டினார். நம் காலத்தில் ஈரோட்டுப் புலவர் செ. இராசு, கொங்கு நாட்டுப் பட்டயங்களையும் ஓலைகளையும் தேடிப் பதிப்பித்தார். வம்சாவளியில் புகழ்ச்சி மிகும், ஆண்டு குறையும். பட்டயத்தில் ஆண்டு இருக்கும், உறவு இராது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை துலங்கும்.

2005-ல் மத்திய அரசு சின்னமலைக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. ஆடி 18 தோறும் ஓடாநிலையிலும் சங்ககிரியிலும் மாலைகள் குவிகின்றன. மாலை வாடிவிடும். காங்கயம் சீமையில் எந்த வீட்டுப் பரணிலாவது பழைய ஓலைக்கட்டு கிடந்தால், அதைத் தூசி தட்டிப் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுவதும் அவருக்குச் செய்யும் மரியாதைதான்.