படைத்த கையே முடித்த கதை

சித்திரக்கதை என்றாலே சிறுவர்க்கு உரியது என்று ஒதுக்கிவிடுவோர் பலர். நல்லவன் வெல்வான், தீயவன் வீழ்வான். அதற்குமேல் அதில் என்ன இருக்கிறது என்பது அவர்தம் எண்ணம். ஆனால், நல்லவன் தோற்றால் என்ன ஆகும், வல்லவன் தீயவனானால் உலகம் தாங்குமா என்று வினவும் இருண்ட கதைகளும் அங்கு உண்டு. பழகிய நாயகனையே எடுத்துக்கொண்டு, வேறோர் உலகில் அவன் வாழ்வு திரிந்து போவதாகச் சொல்லும் இத்தகைய கதைகள் அண்மைக்காலப் புதுமை என்று பலர் கருதுகின்றனர். சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலின் வாழ்க்கையை அறிந்தவர் அவ்வாறு கருதமாட்டார்.

சீகல் 1914ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பிறந்தார். பெற்றோர் லித்துவேனியாவிலிருந்து குடியேறிய யூதர்கள். தந்தை துணிக்கடை நடத்தி வந்தார். 1932 ஜூன் மாதத்தில் ஒருநாள் கடைக்குள் திருடர் புகுந்தனர். அந்த வேளையில் அவர் மயங்கி விழுந்து மாரடைப்பால் மாண்டார். அப்போது மகனுக்கு வயது 17. பொருளாதாரப் பெருமந்தம் அந்நாட்டை வாட்டிக்கொண்டிருந்த காலம் அது.

உயர்நிலைப்பள்ளியில் சீகலுக்கு வாய்த்த உற்ற நண்பர் ஜோ ஷஸ்டர். ஒருவர் எழுதுவார், மற்றவர் வரைவார். இருவரும் அறிவியல் கதைகளுக்கென ஒரு கையடக்க இதழைத் தட்டச்சு செய்து, சைக்ளோஸ்டைல் முறையில் படியெடுத்து வெளியிட்டனர். அதில் 1933 ஜனவரியில் சூப்பர்மேன் என்னும் பெயர் முதன்முதலாகத் தோன்றியது. ஆனால் அவன் நாம் அறிந்த வீரன் அல்லன். இலவச ரொட்டிக்காக வரிசையில் நின்ற பில் டன் என்னும் ஏழையை ஒரு விஞ்ஞானி அழைத்துச் சென்று, விண்கல்லிலிருந்து எடுத்த மருந்தை ஊட்டுகிறார். பிறர் மனத்தைப் படித்து ஆட்டுவிக்கும் ஆற்றல் அவனுக்கு வருகிறது. உடனே அவன் உலகை ஆளத் துணிகிறான். தன்னை உருவாக்கியவரையே கொல்கிறான். மருந்தின் வேகம் தணிந்ததும் மீண்டும் அதே வரிசைக்குத் திரும்புகிறான். ஆக, சூப்பர்மேன் பிறந்தபோதே இருளில்தான் பிறந்தான்.

பின்னர் சீகல் அவனை நல்லவனாக்கினார். அழிந்த கோளிலிருந்து வந்த குழந்தை. குண்டு துளைக்காத உடல். எளியோர்க்கு உதவும் உள்ளம். பதிப்பாளர் பலர் மறுத்தபின், 1938இல் ஆக்சன் காமிக்ஸ் முதல் இதழில் அவன் வெளிவந்தான். பக்கத்துக்கு 10 டாலர் வீதம் 13 பக்கங்களுக்கு 130 டாலர் பெற்றுக்கொண்டு, இரு நண்பர்களும் உரிமை அனைத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டனர். நாயகன் கோடிகளை ஈட்டினான்; படைத்தவர்கள் கூலிக்கு எழுதினர். 1947இல் வழக்குத் தொடுத்தனர். அடுத்த ஆண்டு ஏறத்தாழ 94,000 டாலருடன் வழக்கு முடிந்தது. ஆனால் வேலையும் போயிற்று. கதையின் முகப்பிலிருந்து அவர்கள் பெயரும் போயிற்று.

வறுமை மிஞ்சவே, 1959இல் சீகல் அதே நிறுவனத்தின் வாயிலை மீண்டும் மிதித்தார். தாம் படைத்த நாயகனுக்கே பெயரில்லாக் கூலி எழுத்தாளரானார். அந்நாளில் அந்நிறுவனம் கற்பனைக் கதைகள் என்றொரு வகையை வெளியிட்டது. தொடர்கதையின் போக்கைப் பாதிக்காமல், இப்படி நடந்திருந்தால் என்று எண்ணிப் பார்க்கும் கதைகள் அவை. சூப்பர்மேன் 149ஆம் இதழில், 1961 நவம்பர் தேதியிட்டு, சூப்பர்மேனின் மரணம் வெளியானது. எழுதியவர் சீகல், வரைந்தவர் கர்ட் ஸ்வான்.

அக்கதையில் பகைவன் லெக்ஸ் லூதர் சிறையிலிருந்தபடியே புற்றுநோய்க்கு மருந்து காண்கிறான். திருந்திவிட்டதாக நம்பி உலகம் அவனை விடுவிக்கிறது. சூப்பர்மேனும் நம்பி நட்புக் கொள்கிறான். அந்த நம்பிக்கையே அவனுக்கு எமனாகிறது. கட்டுண்ட நண்பர்கள் கண்ணெதிரே, கிரிப்டோனைட் கதிர்களால் லூதர் அவனைக் கொல்கிறான். கடைசி நொடியில் காப்பாற்ற யாரும் வரவில்லை. மாயமும் இல்லை, கனவும் இல்லை. மக்கள் வரிசையாக வந்து உடலுக்கு அஞ்சலி செலுத்துகின்றனர். கொலைகாரனைச் சூப்பர்கேர்ள் பிடித்து, கிரிப்டனின் எஞ்சிய நகரமான கண்டோரின் நீதிமன்றத்தில் நிறுத்துகிறாள். சீசாவுக்குள் சுருங்கிக் கிடக்கும் அந்நகரைப் பழைய அளவுக்கு மீட்டுத் தருவதாக லூதர் பேரம் பேசுகிறான். கொலைகாரனோடு பேரம் இல்லை என மறுத்து, அம்மக்கள் அவனைத் தண்டிக்கின்றனர்.

இக்கதையில் தம் வாழ்வைத்தான் சீகல் வைத்தார் என்று உறுதி கூற இயலாது. ஆயினும், ஏமாற்றிய நட்பும், விலைபோகாத நீதியும் அவர் பேனாவிலிருந்து வந்தன என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது. இலட்சக்கணக்கானோர் படித்துக் கலங்கிய அம்மரணத்தை எழுதியவர் அந்நாயகனைப் பெற்றவரே என்பதை அவ்விதழின் எந்த மூலையும் சொல்லவில்லை.

நீதி பின்னர் சிறிதளவு வந்தது. சூப்பர்மேன் திரைப்படம் உருவாகவிருந்த 1975இல் சீகல் தம் நிலையை உலகறிய எழுதினார். எழுத்தர் வேலையில் அவர். பார்வை மங்கிய நிலையில் ஷஸ்டர். பொதுமக்கள் குரலெழுப்பவே, அவ்வாண்டு டிசம்பரில் இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வூதியம் அளிக்கவும், பெயரை மீண்டும் பொறிக்கவும் நிறுவனம் இசைந்தது. ஷஸ்டர் 1992இலும், சீகல் 1996 ஜனவரி 28ஆம் நாளிலும் மறைந்தனர். அன்று 130 டாலர் தந்த அந்தக் காசோலை 2012இல் 1,60,000 டாலருக்கு ஏலம் போனது!

இருண்ட மாற்றுக்கதைகள் பின்னர் பெருகின. 2003இல் வெளிவந்த சூப்பர்மேன்: ரெட் சன் கதையில், விண்ணிலிருந்து வந்த குழந்தை அமெரிக்காவுக்குப் பதில் சோவியத் நாட்டில் விழுந்து, உலகையே கண்காணிக்கும் ஆட்சியாளனாகிறது. அளவற்ற ஆற்றல் ஒருவனை என்ன செய்யும் என்பதுதானே அங்கும் கேள்வி? அக்கேள்வியை, தந்தையை இழந்த ஒரு மாணவர் 1933இலேயே தம் சைக்ளோஸ்டைல் இதழில் கேட்டுவிட்டார். ஆற்றலுக்கு அறம் துணை நிற்காவிடில் அது பில் டன்னாகத்தான் முடியும். படைத்தவரின் பெயரை மறைக்கும் வணிகமும் அறமற்ற ஆற்றலின் மற்றொரு வடிவமே.