அமெரிக்காவின் இன்டர்ஸ்டேட் சாலைகள்: ஐசன்ஹோவர் செய்தது என்ன?

சிக்னலே இல்லாமல் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போகலாம். அமெரிக்காவின் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளின் ஸ்பெஷலே அதுதான். இதற்குக் காரணமானவர்களில் முக்கியமானவர், 34-வது அதிபர் டுவைட் ஐசன்ஹோவர்.

62 நாள் பயணம்

1890-ல் டெக்சாஸில் பிறந்து, கன்சாஸில் வளர்ந்தவர். வசதி குறைந்த குடும்பம். செலவில்லாமல் படிக்கலாம் என்பதால் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியில் சேர்ந்தார்.

1919-ல் வாஷிங்டனிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு ராணுவ லாரிகள் அணியாகக் கிளம்பின. 28 வயது ஐசன்ஹோவரும் கூடப் போனார். வழியெல்லாம் சேறு, மணல், லாரி ஏறியதும் உடையும் மரப்பாலங்கள். சராசரி வேகம் மணிக்கு சுமார் 10 கி.மீ.தான்! போய்ச்சேர 62 நாள் ஆனது.

இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளின் தளபதியாக ஜெர்மனிக்குள் போனபோது, அங்கிருந்த ஆட்டோபான் சாலைகளைப் பார்த்தார். நல்ல ரோடு எப்படி இருக்கும் என்று அப்போது புரிந்தது.

ஆஸ்பத்திரியில் கையெழுத்து

1953-ல் அதிபரானார். 1956 ஜூன் 29 அன்று, குடல் ஆபரேஷன் முடிந்து வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் இருந்தபடியே நெடுஞ்சாலைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இலக்கு 41,000 மைல். செலவில் 90% மத்திய அரசுடையது.

பழைய ரோட்டை என்ன செய்தார்கள்?

எல்லாமே புது ரோடு இல்லை. 1940-ல் திறந்த பென்சில்வேனியா டர்ன்பைக் போன்ற பழைய சாலைகளும் சேர்க்கப்பட்டன. ஆனால், சாதாரண ஹைவேயை அகலப்படுத்தினால் மட்டும் அது இன்டர்ஸ்டேட் ஆகிவிடாது. ஒவ்வொரு லேனும் 12 அடி வேண்டும். சிக்னல், ரயில்வே கேட் கூடாது. குறுக்கே வரும் சாலைக்குப் பாலம் கட்ட வேண்டும். ஓரத்துக் கடை, வீடு, பெட்ரோல் பங்க் எதற்கும் நேரடி வாசல் கிடையாது.

அதாவது, வேகம் ஒருவருக்கு, நஷ்டம் இன்னொருவருக்கு. ரோட்டோர வியாபாரம் படுத்தது. நகரங்களுக்குள் சாலை நுழைந்த இடங்களில் வீடுகளே போயின. செயின்ட் பால் நகரில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ராண்டோ பகுதியை ஐ-94 இரண்டாகப் பிளந்தது. நகரங்களுக்குள் சாலை போவதில் ஐசன்ஹோவருக்கே உடன்பாடில்லை. ஆனால், அதற்குள் காலம் கடந்துவிட்டது.

1969-ல் அதே வால்டர் ரீட் மருத்துவமனையில் இறந்தார். 1990-ல் இந்தச் சாலைகளுக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது.

அப்கிரேட் வேலை முடிந்ததா? இல்லை. பென்சில்வேனியாவின் பிரீஸ்வுட்டில் ஐ-70-ல் போகிறவர்கள் இன்றும் சிக்னலில் நின்றுதான் போகிறார்கள்.