நுண்ணோக்கி காட்டிய விடை

கருவில் வளரும் உயிர் ஆணாவதும் பெண்ணாவதும் எதனால்? பல நூற்றாண்டுகளாக மனிதர் கேட்டுவந்த வினா இது. தாய் உண்ணும் உணவு, கருவுக்குக் கிடைக்கும் வெப்பம், புறச்சூழல் எனப் பலரும் பலவாறு காரணம் கூறினர். பெண்மகவை ஈன்றதற்காகத் தாயையே பழிக்கும் வழக்கம் உலகின் பல பகுதிகளில் நிலவியது. இவ்வினாவுக்குச் சான்றுடன் விடை கண்டவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க உயிரியல் அறிஞர் நெட்டி மரியா ஸ்டீவன்ஸ்.

இளமையும் கல்வியும்

நெட்டி, 1861ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் வெர்மான்ட் மாநிலத்தில் தச்சர் ஒருவரின் மகளாகப் பிறந்தார்; மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வளர்ந்தார். அக்காலத்தில் கற்ற பெண்களுக்குத் திறந்திருந்த வாயில்கள் மிகச் சில. ஆசிரியராகவும் நூலகராகவும் பணியாற்றி, உயர்கல்விக்கு உரிய பொருளைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். 1896இல், தம் 35ஆம் அகவையில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாணவியாகச் சேர்ந்தார். அங்கு முதுகலைப் பட்டம் பெற்றபின், பென்சில்வேனியாவிலுள்ள பிரின் மார் மகளிர் கல்லூரியில் ஆய்வு மேற்கொண்டு 1903இல் முனைவரானார். இடையே இத்தாலியின் நேப்பிள்ஸ் கடல் உயிரியல் நிலையத்திலும், ஜெர்மனியில் தியோடர் பொவேரி என்னும் அறிஞரிடத்தும் பயின்றார்.

மாவுப்புழு சொன்ன செய்தி

செல்லின் உட்கருவிலுள்ள குரோமோசோம்களே மரபுப் பண்புகளைச் சுமக்கின்றன என்னும் கருத்து அப்போதுதான் அரும்பியிருந்தது. அதனை ஐயுற்றோர் பலர். கார்னெகி நிறுவனத்தின் நிதியுதவியைப் பெற்ற ஸ்டீவன்ஸ், மாவிலும் தானியத்திலும் வாழும் மாவுப்புழுவைத் தம் ஆய்வுக்குத் தேர்ந்தார். அதன் திசுக்களை மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றி, நுண்ணோக்கியின் வழியே குரோமோசோம்களைப் பொறுமையுடன் எண்ணினார்.

பெண் உயிரியின் செல்களில் 20 பெரிய குரோமோசோம்கள் இருந்தன. ஆணின் செல்களிலோ 19 பெரியனவும், மிகச் சிறியது ஒன்றும் இருந்தன. முட்டைச்செல்கள் யாவும் 10 பெரிய குரோமோசோம்களையே பெற்றிருந்தன. விந்தணுக்களுள் ஒரு பாதி 10 பெரியனவற்றையும், மறுபாதி 9 பெரியனவற்றோடு அச்சிறிய ஒன்றையும் கொண்டிருந்தன. முன்னது முட்டையுடன் இணைந்தால் பெண். பின்னது இணைந்தால் ஆண். கருவுறும் அக்கணத்திலேயே, விந்தணுவின் வகையால் பால் முடிவாகிவிடுகிறது என்பது புலனாயிற்று. இம்முடிவை 1905இல் வெளியிட்டார். அச்சிறிய குரோமோசோமையே இன்று நாம் ஒய் குரோமோசோம் என்கிறோம்.

பின் வந்த பெருமை

அதே ஆண்டில் எட்மண்ட் வில்சன் என்பாரும் தனியே ஆராய்ந்து ஒத்த கருத்தை வெளியிட்டார். எனினும், புறச்சூழலுக்கும் இதில் பங்கு இருக்கலாம் என அவர் கருதினார். ஸ்டீவன்ஸின் முடிவோ உறுதியாக இருந்தது. ஆயினும், கண்டுபிடிப்பின் பெருமையைப் பலரும் நெடுங்காலம் வில்சனுக்கே உரியதாக்கினர்.

ஓர் உயிரியில் கண்டதோடு ஸ்டீவன்ஸ் நிறைவடையவில்லை. பல வகை வண்டுகளையும் ஈக்களையும் தொடர்ந்து ஆராய்ந்தார். எல்லா உயிரினங்களுக்கும் ஒரே நெறி பொருந்துவதில்லை என்பதைப் பிற்கால ஆய்வுகளும் காட்டின. பறவைகளில் பாலை முடிவுசெய்வது முட்டைச்செல்லின் குரோமோசோமே. முதலைகளிலும் ஆமைகள் பலவற்றிலும் முட்டை அடைகாக்கப்படும் வெப்பநிலையே.

பிரின் மார் கல்லூரி அவருக்கென ஓர் ஆய்வுப் பேராசிரியர் பதவியை உருவாக்கியது. அதனை ஏற்குமுன், மார்பகப் புற்றுநோயால் 1912ஆம் ஆண்டு மே 4ஆம் நாள், தம் 50ஆம் அகவையில் மறைந்தார். முனைவரானபின் ஆய்வுக்கு அவர் பெற்ற காலம் ஒன்பது ஆண்டுகளே.

மனிதரிலும் தந்தையின் விந்தணுவே குழந்தையின் பாலை முடிவுசெய்கிறது என்பது இன்று தெளிவு. எந்த விந்தணு முட்டையை அடையும் என்பதைத் தாயோ தந்தையோ தேர்ந்தெடுப்பதில்லை. எனவே, பெண்மகவை ஈன்ற தாயைப் பழிப்பதற்கு அறிவியலில் சிறிதும் இடமில்லை. மாவுப்புழுவின் செல்களில் ஸ்டீவன்ஸ் எண்ணிக் கண்ட எண்களே இவ்வுண்மைக்கு வழிகாட்டின.