அடிமையாக விற்கப்பட்ட சிறுமி அரசியானார்: நியூஸ்திரியாவின் பால்தில்ட்

இன்றைய பிரான்ஸின் வடபகுதியில் ஆரம்ப மத்திய காலத்தில் இருந்த பிராங்கிய இராச்சியம் நியூஸ்திரியா. பரிஸ், சுவாசொன் ஆகியவை அதன் முக்கிய நகரங்கள். அங்கு வாழ்ந்தோர் நியூஸ்திரியர் எனப்பட்டனர். கிழக்கே இருந்த ஒஸ்திராசியாவும் பிராங்கியருடையதே. ஆயினும் இரு இராச்சியங்களும் தலைமுறை தலைமுறையாக மோதிக்கொண்டன.

அந்த நியூஸ்திரியாவை ஆண்ட பால்தில்ட் பிராங்கியர் அல்லர். 7ஆம் நூற்றாண்டில் பிரித்தானியத் தீவில் ஆங்கிலோ-சாக்சன் மக்களிடையே பிறந்தவர். இளம் வயதில் கடல் கடந்து கொண்டுவரப்பட்டு, அற்ப விலைக்கு விற்கப்பட்டார். அரண்மனையின் தலைமை அதிகாரியான எர்கினோவால்ட் அவரை வாங்கினார். அங்கே அவர் கிண்ணம் ஏந்தினார். மூத்தவர்களின் கால்களைக் கழுவினார். மனைவியை இழந்த எர்கினோவால்ட் அவரை மணக்க விரும்பியபோது, கந்தல் துணிக்குள் ஒளிந்து தப்பினார் என்று அவர் இறந்து சிறிது காலத்தில் எழுதப்பட்ட வரலாறு கூறுகிறது.

பின்னர் மன்னன் இரண்டாம் குளோவிஸ் அவரை மணந்தான். 657இல் மன்னன் இறந்தபோது மூத்த மகன் குளோத்தார் சிறுவன். ஆட்சிப் பொறுப்பு தாயின் கைக்கு வந்தது.

அடிமை வாழ்வை அவர் மறக்கவில்லை. கிறிஸ்தவக் கைதிகளை விற்பதைத் தடை செய்தார். பலரைப் பணம் கொடுத்து மீட்டார். அவர்களுள் தன் சொந்த இனத்தவரும் இருந்தனர். வரிச்சுமை தாங்காமல் பெற்றோர் குழந்தைகளைச் சாகவிடும் நிலை இருந்ததால் அந்த வரியையும் நிறுத்தினார். கோர்பி, ஷெல் ஆகிய இடங்களில் மடங்களை நிறுவினார்.

அவரது ஆட்சியில் இரத்தமும் சிந்தியது. ஆயர்களின் கொலைகளுக்கு அவரே காரணம் என ஓர் ஆங்கிலத் துறவியின் நூல் குற்றஞ்சாட்டுகிறது. ஒரு தரப்புக்குப் புனிதராகத் தெரிந்தவர் மறுதரப்புக்குக் கொடியவராகத் தெரிந்தார்.

665 அளவில் பிரபுக்களின் நெருக்கடியால் ஆட்சியை விட்டு ஷெல் மடத்துக்குச் சென்றார். அங்கு தலைவி பதவியை ஏற்காமல், மற்றக் கன்னியரோடு சமையலறையில் வேலை செய்தார். 680 அளவில் அங்கேயே இறந்தார். அவருடையதாகப் போற்றப்படும் துணிச் சட்டை ஒன்று இன்றும் ஷெல் நகரில் இருக்கிறது. பொன் மாலைகளும் சிலுவையும் அதில் பட்டு நூலால் தைக்கப்பட்டுள்ளன. பொன் எதுவும் இல்லை.

அவரது மூன்று மகன்களும் மன்னர்களாயினர். ஆனால், அவரைப் பெற்ற தாயின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. விற்கப்பட்டவர்களுக்கு அப்படித்தான் நேர்ந்தது.