நிலா வெளிச்சம் நினைவில் இருந்தது, தேதி மறந்துபோச்சு... யார் இந்த ஆன்சல் ஆடம்ஸ்?

1941 நவம்பர் 1, மாலை நேரம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஹெர்னாண்டஸ் என்ற சின்ன ஊர் வழியே காரில் வந்துகொண்டிருந்தார் 39 வயது ஆன்சல் ஆடம்ஸ். கிழக்கே மலைக்கு மேல நிலா. கீழே கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகள் மீது கடைசி வெயில். வண்டியை ஓரங்கட்டிட்டு, தன்னுடைய பெரிய கேமராவை அவசர அவசரமா இறக்கினார்.

ஆனா, வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டரைக் காணோம்!

ஃபிலிம் காலத்தில் இது சாதாரண சிக்கல் இல்லை. கணக்கு தப்பினால் நிலா வெறும் வெள்ளைப் பொட்டாகிவிடும், இல்லைன்னா ஊரே இருட்டில் மூழ்கிவிடும். அப்போதுதான் நிலாவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு நினைவுக்கு வந்தது. மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டு, ஒரு நொடி எக்ஸ்போஷர் கொடுத்தார். அடுத்த படத்துக்குத் தயாராவதற்குள் சிலுவைகள் மேல் இருந்த வெயில் போயிடுச்சு. மிஞ்சியது ஒரே ஒரு நெகட்டிவ்.

இந்த நினைவு எங்கிருந்து வந்தது?

சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த ஆடம்ஸ், பியானோ கலைஞராக வரவேண்டியவர். 14 வயதில், 1916ல், குடும்பத்தோடு யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குப் போனார். கையில் ஒரு கோடாக் பிரவுனி கேமரா. அதன்பிறகு வருஷா வருஷம் அங்கே போய் அந்தப் பாறைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

1927ல் அங்குள்ள ஹாஃப் டோம் பாறை முன்னால் நின்றபோது, கைவசம் இருந்தது 2 பிளேட்தான். மஞ்சள் ஃபில்டர் போட்டு ஒன்றை எடுத்தார். ஆனா தான் உணர்ந்த வானம் இதில் வராதுன்னு தோணுச்சு. கடைசி பிளேட்டுக்குச் சிவப்பு ஃபில்டரை மாட்டினார். சிவப்பு, நீல ஒளியைத் தடுத்துவிடும். அதனால் நீல வானம் கறுப்பாகப் பதிந்தது. கண்ணுக்குத் தெரிந்ததை விட்டு, மனசில் பட்டதைப் படமாக்கிய இடம் இதுதான்.

ஹெர்னாண்டஸ் நெகட்டிவையும் அவர் லேசில் விடவில்லை. இருட்டறையில் பல வருஷம் திரும்பத் திரும்பப் பிரதி போட்டார். ஆரம்பப் பிரதிகளில் மேகம் தெரியும் வானம், பிந்தைய பிரதிகளில் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. எது நிஜ மாலைன்னு கேட்டால் பதில் சொல்றது கஷ்டம்தான்.

வேடிக்கை என்னன்னா, அந்தப் படத்தை எடுத்த வருஷத்தையே அவர் மாத்தி மாத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். படத்தில் நிலா இருந்த இடத்தை வைத்து வானியலாளர் டேவிட் எல்மோர் 1941 அக்டோபர் 31 என்று கணித்தார். ஆடம்ஸ் இறந்து 7 வருஷம் கழித்து, 1991ல், டென்னிஸ் டி சிக்கோ அதையும் திருத்தினார்: நவம்பர் 1, மாலை 4.49 மணி.