அல்டேரைத் தந்த மருத்துவர்

வீட்டுக் கணினியின் கதை என்றதும் பலருக்கும் பில் கேட்ஸும் ஸ்டீவ் ஜாப்ஸும் நினைவுக்கு வருவர். எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் காக்ரன் என்ற சிற்றூரில் மருத்துவம் பார்த்துவந்த எட் ராபர்ட்ஸ். பள்ளி நாள்களில் உதிரிபாகங்களை வாங்கி, ஈயப் பற்று வைத்து, ஒரு டிரான்சிஸ்டர் வானொலியை நானே பூட்டியிருக்கிறேன். அது முதன்முதலாக இரைந்தபோது உண்டான மகிழ்ச்சி இன்னும் மறக்கவில்லை. அந்த மகிழ்ச்சியைக் கணினி வரைக்கும் கொண்டுசென்றவர் அவர்.

1941-இல் மயாமியில் பிறந்த ராபர்ட்ஸின் இளமை விருப்பம் மருத்துவராவது. வாழ்க்கை அவரை விமானப் படைக்கும் மின்பொறியியலுக்கும் திருப்பியது. நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கி நகரில் பணியாற்றியபோது, 1969-இல் நண்பர்களுடன் 'மிட்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார். மாதிரி ராக்கெட்டுகளுக்கான கருவிகளில் தொடங்கி, 1971-இல் வாங்குபவரே பூட்டிக்கொள்ளும் கால்குலேட்டருக்கு வந்தார். விற்பனை செழித்தது. ஆனால், பெரிய நிறுவனங்கள் களமிறங்கி விலையைச் சரித்தன. 1974-இல் மிட்ஸின் கடன் ஏறத்தாழ 3 லட்சம் டாலர்.

அந்த நிலையில் எவரும் செலவைச் சுருக்குவர். ராபர்ட்ஸோ, எவரும் கேட்டிராத ஒரு பொருளைச் செய்ய வங்கியில் மேலும் 65,000 டாலர் கேட்டார். 800 கணினிகள் விற்கும் என்று வங்கியாளரிடம் சொன்னது அவருடைய துணிச்சல். 200 விற்றால் தப்பிக்கலாம் என்பது உள்ளக் கணக்கு. 360 டாலர் விலையுள்ள இன்டெல் 8080 சில்லை, மொத்தமாக வாங்குவதாகப் பேசி 75 டாலருக்குப் பெற்றார். எல்லா பாகங்களும் அடங்கிய பெட்டியின் விலை 397 டாலர். பெயர் 'அல்டேர் 8800'. அல்டேர் வேறொன்றுமில்லை, நம் பஞ்சாங்கத்துத் திருவோண நட்சத்திரத்தின் பிரகாசமான விண்மீன்.

1975 ஜனவரி 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' இதழின் அட்டையில் அது வந்தது. அட்டையில் இருந்தது வெற்றுப் பெட்டி! முதல் மாதிரிக் கருவி அனுப்பும் வழியில் தொலைந்துபோயிருந்தது.

திரை இல்லை, விசைப்பலகை இல்லை. முகப்புச் சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி ஆணையிட வேண்டும். சிறு விளக்குகள் விடை சொல்லும். நினைவகம் 256 பைட்டுகள். ஓர் அஞ்சலட்டைச் செய்திக்கே அது காணாது. ஆயினும், பிப்ரவரி முடிவதற்குள் ஏறத்தாழ ஆயிரம் பேர் பதிந்துவிட்டனர். தனக்கென்று ஒரு கணினி என்பதே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. அந்த மார்ச்சில் கலிஃபோர்னியாவில் ஒரு வாகனக் கொட்டகையில் ஆர்வலர்கள் கூடியதும் அல்டேரை முன்னிட்டே. ஸ்டீவ் வோஸ்னியாக்கும் அங்கிருந்தார். இதழைக் கண்டு 'பேசிக்' மொழியை எழுதித் தந்த பில் கேட்ஸும் பால் ஆலனும் மைக்ரோசாஃப்டைத் தொடங்கியது ஆல்புகர்க்கியில்தான்.

ராபர்ட்ஸை நான் குறையற்றவராகக் காட்டப் போவதில்லை. மிட்ஸின் நினைவகப் பலகைகள் பழுதுபட்டன. அவற்றை வாங்கினால் மட்டுமே பேசிக் மலிவாகக் கிடைக்கும் என்ற ஏற்பாடு வாடிக்கையாளர்களை எரிச்சலூட்டியது. பலர் பேசிக்கை நகலெடுத்துப் பகிர்ந்துகொண்டனர். பணம் கட்டியவர்கள் பெட்டிக்காக மாதக்கணக்கில் காத்திருந்தனர்.

1977-இல் நிறுவனம் பெர்டெக்கின் கைக்குப் போனது. பேசிக்கின் உரிமை பற்றிய வழக்கில் மைக்ரோசாஃப்ட் வென்றது. ராபர்ட்ஸ் ஜார்ஜியாவில் பண்ணை வாங்கிக் குடியேறினார். இதைத் தோற்றவர் ஒதுங்கிய கதையாக எழுதுவோர் உண்டு; எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகளைப் படிக்கவைக்கும் வயதில், 1982-இல் மெர்சர் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் முதல் அணி மாணவராகச் சேர்ந்தார். 1986-இல் பட்டம் பெற்றார். பிறகு, பெருநகரம் எதற்கும் போகாமல் காக்ரனிலேயே பொது மருத்துவராக அமர்ந்தார்.

2010 ஏப்ரல் 1 அன்று, 68 வயதில், நிமோனியாவால் மறைந்தார். அதற்குச் சில நாள்கள் முன்னர் அவரைப் பார்க்க ஜார்ஜியா மருத்துவமனைக்கு ஒருவர் வந்திருந்தார். வந்தவர், பில் கேட்ஸ்.