பாரதியின் இன்னொரு ஆயுதம்



நம்ம காலேஜ் நோட்டீஸ் போர்டை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. பரீட்சைக் கட்டணம் பற்றிய சர்க்குலர் ஒரு வாரமாகத் தொங்கும்; ஒருத்தரும் நின்று படிக்க மாட்டார்கள். அதே போர்டில் யாராவது நாலு கோட்டில் ஒரு கேலிப்படம் வரைந்து ஒட்டட்டும், ஒர்க்‌ஷாப்புக்கு நேரமாச்சு என்பதையும் மறந்து கூட்டம் கூடிவிடும். படத்துக்கு அப்படி ஒரு சக்தி!

இந்தச் சக்தியைத் தமிழ்ப் பத்திரிகை உலகில் முதலில் புரிந்துகொண்டு, அதை வெள்ளையர் ஆட்சிக்கு எதிராகத் திருப்பியவர் யார் தெரியுமா? மகாகவி சுப்பிரமணிய பாரதியார்தான். அவருடைய முண்டாசும் மீசையும் பாட்டும் நமக்குத் தெரியும். அவர் கையிலிருந்த இந்த இன்னொரு ஆயுதத்தைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியாது.

பருத்தி ஆலைக்காரரின் மகன்

1882 டிசம்பர் 11-இல் எட்டயபுரத்தில் பிறந்தார் பாரதி. ஐந்து வயதில் தாயை இழந்தார். தந்தை சின்னசாமி ஐயர் கணிதத்திலும் இயந்திரங்களிலும் ஆர்வம் உள்ளவர். எட்டயபுரத்தில் ஒரு பருத்தி ஆலையைத் தொடங்கி, அது நொடித்துப்போய், வறுமையில் விழுந்தார். பஞ்சும் நூலும் தறியுமாக வாழும் நம்ம சாமளாபுரம் பக்கத்து ஆட்களுக்கு ஓர் ஆலை நொடித்தால் அந்த வீடு என்ன பாடுபடும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1898-இல் தந்தையும் காலமானார்.

பதினோரு வயதில் 'பாரதி' பட்டம், பதினான்கு வயதில் செல்லம்மாளுடன் திருமணம், பிறகு காசியில் படிப்பு, எட்டயபுரம் அரண்மனையில் வேலை. அந்த அரண்மனையின் வெட்டிப் பேச்சையும் வீண் பெருமையையும் பிற்காலத்தில் 'சின்னச் சங்கரன் கதை'யில் கிழித்துத் தொங்கவிட்டார். அந்தக் கதை முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. 1904-இல் மதுரை சேதுபதி பள்ளியில் சில மாதம் தமிழாசிரியர். அதே ஆண்டு சென்னை 'சுதேசமித்திரன்' பத்திரிகையில் உதவி ஆசிரியர்.

சிவப்புத் தாளில் கேலிப்படம்

1906 மே மாதம் சென்னையில் 'இந்தியா' என்ற வாரப் பத்திரிகை பிறந்தது. மண்டயம் குடும்பத்தார் பணம் போட்டார்கள். எழுத்துப் பொறுப்பு பாரதியுடையது. அப்போது அவருக்கு வயது 23. நம்மைவிட நாலைந்து வயசுதான் அதிகம்! பிரெஞ்சுப் புரட்சியின் மூன்று கொள்கைகளைத் தலைப்பில் தாங்கி, சிவப்புத் தாளில் அச்சாகி வந்தது அந்தப் பத்திரிகை. முதல் பக்கத்திலேயே பெரிய கேலிப்படம்!

பாரதி ஓவியர் அல்லர். கருத்து அவருடையது, கோடு ஓவியருடையது. படத்தின் பொருளை விளக்கி உள்ளே ஒரு குறிப்பும் இருக்கும். பஞ்சமும் வரியும், நாட்டின் செல்வம் சீமைக்குப் போவதும், வ.உ.சி.யின் சுதேசிக் கப்பலும் படங்களாயின. வெள்ளை அதிகாரிகளை மட்டும் அவர் குத்தவில்லை. மனு மேல் மனு போட்டுக்கொண்டிருந்த நம்மவர்களான மிதவாதிகளையும் விட்டுவைக்கவில்லை.

ஏன் படம்? நூறு பேரில் பத்துப் பேருக்குக்கூட எழுத்து தெரியாத காலம் அது. ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் சுற்றி நின்று கேட்பார்கள். கேட்கிறவர்களுக்கும் கண் இருக்கிறதே! தலையங்கம் படித்தவனோடு நின்றுவிடும். படம் படிக்காதவனிடமும் போய்ச் சேரும்.

அமெரிக்காவில் நடந்த கூத்து

இது நம்ம நாட்டுக் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் 1870-களில் நியூயார்க் நகரின் பணத்தைச் சுருட்டிய ட்வீட் என்ற அரசியல் தலைவரை, தாமஸ் நாஸ்ட் என்ற ஓவியர் வாராவாரம் படம் போட்டே ஆட்டம் காண வைத்தார்.

அடுத்தது இன்னும் வேடிக்கை. பென்சில்வேனியா மாநில கவர்னர் பென்னிபேக்கரை ஒரு பத்திரிகை கிளியாக வரைந்தது. அவருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மனிதரைப் பறவையாகவோ விலங்காகவோ வரையக்கூடாது என்று 1903-இல் சட்டமே கொண்டுவந்துவிட்டார். வால்ட் மக்டூகல் என்ற ஓவியர் சும்மா இருந்தாரா? சட்டத்தில் காய்கறிக்குத் தடை இல்லையே என்று அரசியல்வாதிகளைக் காய்கறியாகவும் மரமாகவும் வரைந்து தள்ளினார்! 1907-இல் அந்தச் சட்டம் ரத்தாயிற்று.

சுதந்திர நாட்டில் கேலிப்படத்தின் விலை ஒரு கவர்னரின் கோபம். அடிமை நாட்டில் அதன் விலை சிறை.

யார் கொடுத்த விலை?

1908-இல் வ.உ.சி. கைதானார். அடக்குமுறை 'இந்தியா'வின் வாசலுக்கும் வந்தது. பத்திரிகையின் ஆசிரியர் என்று அரசாங்கத்தில் பதிவாகியிருந்த பெயர் எம்.சீனிவாசன். போலீசார் அவரைக் கைது செய்தார்கள். ஐந்தாண்டுத் தண்டனை கிடைத்தது. நண்பர்களின் யோசனைப்படி பாரதி, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் போய்விட்டார்.

இங்கேதான் நண்பர்களே, நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். பாரதியைப் புகழ்கிற கட்டுரைகள் பலவும் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடும். எழுதியவர் ஒருவர், சிறை போனவர் இன்னொருவர். பாரதி போனது சரியா என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். சிறையில் அடைபட்டிருந்தால் அந்தப் பேனா ஓய்ந்திருக்கும் என்பதும் உண்மை. சீனிவாசனின் ஐந்து வருஷமும் உண்மை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்கக்கூடாது. பாரதி சும்மா தப்பிவிடவும் இல்லை. சொந்த மண்ணில் கால் வைக்க முடியாமல், ஒற்றர்கள் சூழ, கடன் நெருக்க, பத்து வருஷம் கிடந்தார்.

புதுச்சேரியிலிருந்தும் 'இந்தியா' வந்தது, படங்களும் வந்தன. பிரிட்டிஷ் எல்லைக்குள் பத்திரிகை நுழையத் தடை விழவே, 1910 மார்ச்சில் அது நின்றுபோனது. படங்களுக்கென்றே 'சித்திராவளி' என்று தனிப் பத்திரிகை நடத்தவும் திட்டமிட்டார், நடக்கவில்லை. கேலி மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. 1914-இல் அன்னி பெசன்ட் அம்மையாரைக் கிண்டல் செய்து ஆங்கிலத்தில் 'பொன்வால் நரி' கதை எழுதினார்.

கடைசி நாட்கள்

1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டுக் கிளம்பியதும் கடலூரில் கைது. மூன்று வாரத்துக்கு மேல் சிறை. பிறகு கடையத்தில் வாசம். 1920-இல் மீண்டும் 'சுதேசமித்திரன்'. திருவல்லிக்கேணிக் கோயில் யானை அவரைத் தள்ளிய கதை எல்லோருக்கும் தெரியும். அதிலிருந்து பிழைத்து எழுந்தபின், 1921-இல் நம்ம ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலைக்கு வந்து, மனிதனுக்கு மரணமில்லை என்ற பொருளில் பேசினார். திருப்பூரில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஈரோடு. அவ்வளவு பக்கம் வந்துவிட்டுப் போன மனிதர், சில வாரங்களில், 1921 செப்டம்பரில் கண் மூடினார். வயது 39 கூட நிரம்பவில்லை. அந்தக் கேலிப்படங்கள் 1994-இல் தனி நூலாகத் தொகுக்கப்பட்டு வெளிவந்தன.

நமக்கு என்ன?

இன்றைக்கு நோட்டீஸ் போர்டுகூட வேண்டாம். செல்போனில் ஒரு மீம் போட்டால் அரை நாளில் காலேஜ் முழுக்கச் சுற்றிவிடுகிறது. ஆனால் யாரைக் கேலி செய்கிறோம்? திக்கிப் பேசுகிற முதலாமாண்டுப் பையனையா? வெளியூரிலிருந்து வந்து தமிழ் தடுமாறுகிறவனையா? திருப்பிப் பேச முடியாதவனைச் சிரிப்பதற்குத் தைரியம் எதற்கு?

பாரதியின் கேலி எப்போதும் மேலே இருப்பவர்களை நோக்கியே போனது. அதற்குரிய விலையும் கேட்கப்பட்டது. அவரும் கொடுத்தார், அவர் பக்கத்தில் நின்றவர்களும் கொடுத்தார்கள். அடுத்த தடவை பென்சிலை எடுக்கும்போது இரண்டே கேள்வி கேட்டுக்கொள்வோம்: இந்தப் படம் யாரைக் குத்துகிறது? இதற்கு விலை கேட்டால் கொடுக்கப்போவது நானா, என் நண்பனா?

பதில் நேர்மையாக இருந்தால் தாராளமாக வரையுங்கள் தோழர்களே!

— மூன்றாம் ஆண்டு, டெக்ஸ்டைல் டெக்னாலஜி